எலக்ட்ரிக்கல் கணக்குக்கு ஆப்பா, எக்செல்லா, டிசைன் மென்பொருளா? ஒரே சர்க்யூட்டை வைத்து ஓர் அலசல்

கேபிள் சைஸ், வோல்டேஜ் டிராப், ஷார்ட் சர்க்யூட் கரண்ட், பைப்புக்குள் எத்தனை ஒயர் போகும், மோட்டாருக்கு எந்த பிரேக்கர். எலக்ட்ரிக்கல் ஒப்பந்தக்காரர் அன்றாடம் போடும் கணக்குகளில் முக்கால்வாசி இவைதாம். சூத்திரங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றைத் தப்பாகப் போடும் மென்பொருளைப் பார்ப்பது அரிது. நாம் நிரப்பாமல் விட்ட கட்டத்தில் அது தானாக எந்த எண்ணை வைத்துக்கொள்கிறது, அதை நம்மிடம் சொல்கிறதா இல்லையா என்பதில்தான் நல்லதும் மோசமானதும் பிரிகின்றன. ஆகவே திரை அழகு, பட்டன் எண்ணிக்கை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, அந்த ஒரு கேள்வியை வைத்தே மொபைல் ஆப், எக்செல் ஷீட், முழு டிசைன் மென்பொருள் ஆகிய மூன்று வகைகளையும் இங்கே எடை போடலாம்.

சோதனைக்கு ஒரு சாதாரண சர்க்யூட் போதும். ஒற்றை பேஸ் 230 வோல்ட், 20 ஆம்பியர் லோடு, டிபியிலிருந்து (மின் பகிர்வுப் பெட்டி) 55 மீட்டர், 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் பிவிசி ஒயர், சுவர்மேல் பைப், டிபி முனையில் சி வகை 20 ஆம்பியர் எம்சிபி (சிறு பிரேக்கர்). விடை விளிம்பில் நிற்கும்படி வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த அளவுகள் இவை. விளிம்பில்தான் மென்பொருளின் குணம் தெரியும்.

முதலில் வோல்டேஜ் டிராப், அதாவது ஒயரிலேயே இழக்கும் வோல்டேஜ். சர்வதேசத் தரமான ஐஇசி 60228-இன்படி 4 ஸ்கொயர் எம்எம் முறுக்குக் கம்பியின் மின்தடை 20 டிகிரி செல்சியஸில் கிலோமீட்டருக்கு 4.61 ஓம். போக்கும் வரவும் சேர்த்து 2 × 4.61 × 20 × 55 ÷ 1000 என்று போட்டால் 10.14 வோல்ட், அதாவது 4.41 சதவீதம். பொது மின்வழங்கலிலிருந்து வரும் இணைப்பில், விளக்கு அல்லாத லோடுக்கு ஐஇசி 60364-5-52 தரும் 5 சதவீத வரம்புக்குள் இது அடங்குகிறது. ஆனால் பிவிசி ஒயரின் உச்ச வெப்பநிலையான 70 டிகிரிக்குக் கணக்கிட்டால் மின்தடை ஏறத்தாழ 20 சதவீதம் ஏறும். பிரிட்டிஷ் தரமான பிஎஸ் 7671 அட்டவணை இதே ஒயருக்கு ஆம்பியருக்கும் மீட்டருக்கும் 11 மில்லிவோல்ட் தருகிறது. அதன்படி 12.1 வோல்ட், 5.26 சதவீதம். வரம்பு தாண்டிவிட்டது. ஒரே ஒயர், ஒரே நீளம், இரண்டு ஆப்கள். ஒன்று பச்சை காட்டும், மற்றது சிவப்பு. ‘மின்தடை எந்த வெப்பநிலையில்’ என்ற வரி திரையில் இல்லாத ஆப்பை வோல்டேஜ் டிராப்புக்கு நம்பக் கூடாது.

இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால் இரண்டுமே உண்மை அல்ல. சுற்றுப்புறம் 30 டிகிரியாக இருந்து, பைப்பில் இந்த ஒரு சர்க்யூட் மட்டும் ஓடினால், 32 ஆம்பியர் தாங்கும் ஒயரில் 20 ஆம்பியர்தான் பாய்கிறது. வெப்ப உயர்வு கரண்டின் வர்க்கத்தைத் தொடர்வதால் கம்பி ஏறத்தாழ 46 டிகிரியில் நிற்கும். அந்த நிலையில் டிராப் சுமார் 4.85 சதவீதம், தேறிவிடும். சுற்றுப்புற வெப்பம், லோடு இரண்டையும் வாங்கிக்கொண்டு இந்தத் திருத்தத்தைத் தானே போடும் மென்பொருள் சிலவே. அப்படி ஒன்று கிடைத்தால் அதற்குத் தனி மதிப்பெண் தர வேண்டும். அந்த வசதி இல்லையென்றால் 70 டிகிரி கணக்கை வைத்துக்கொண்டு 6 ஸ்கொயர் எம்எம்முக்கு ஏறிவிடுவதே பத்திரம். அதில் 7.3 மில்லிவோல்ட் வீதம் 8.03 வோல்ட், 3.5 சதவீதம்.

நீளக் கட்டமும் கவனிக்க வேண்டியது. சில ஆப்கள் ஒருவழி நீளம் கேட்கின்றன, சில மொத்தக் கம்பி நீளம் கேட்கின்றன. இரண்டாவது வகையில் 55 என்று போட்டால் டிராப் பாதியாகி 2.2 சதவீதம் என்று வரும். அது பார்க்க நம்பும்படி இருப்பதுதான் ஆபத்து. புதிதாக எந்த ஆப்பை இறக்கினாலும் 10 ஆம்பியர், 100 மீட்டர், 10 ஸ்கொயர் எம்எம் என்று உருண்டையான எண்களைப் போட்டுப் பாருங்கள். ஒற்றை பேஸில் 3.7 முதல் 4.4 வோல்ட்டுக்குள் வந்தால் அது ஒருவழி நீளம் கேட்கிறது. 2 வோல்ட்டை ஒட்டி வந்தால் மொத்தக் கம்பி நீளம் கேட்கிறது.

அடுத்தது ஒயர் தாங்கும் கரண்ட். சுவர்மேல் பைப்பில் போகும் தனி ஒயர்களுக்கு ஐஇசி அட்டவணையில் பி1 என்று பெயர். இரண்டு லோடு கம்பிகளுக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் 24 ஆம்பியர், 4 ஸ்கொயர் எம்எம் 32, 6 ஸ்கொயர் எம்எம் 41. வெப்பம் தடுக்கும் சுவருக்குள் புதைந்த பைப் என்றால் அது ஏ1. அதே 4 ஸ்கொயர் எம்எம் 26-க்கு இறங்கும். கேபிளை நேரடியாகச் சுவரில் கிளாம்ப் செய்தால் அது சி, 36 ஆம்பியர். படம் காட்டி ‘எப்படிப் போடுகிறீர்கள்’ என்று கேட்கும் ஆப்கள் இந்த இடத்தில் நன்றாக வேலை செய்கின்றன. வெறும் எழுத்துக் குறியீட்டைக் கேட்பவை, அட்டவணை மனப்பாடம் இல்லாதவரைத் தப்பான வரிசைக்குக் கொண்டுபோய்விடும்.

இங்கேதான் டிஃபால்ட் எண்கள், அதாவது மென்பொருள் தானாக வைத்துக்கொள்பவை, பெரிய சேதம் செய்கின்றன. அட்டவணை மதிப்புகள் 30 டிகிரி காற்றுக்கும் ஒரே ஒரு சர்க்யூட்டுக்கும் உரியவை. சுற்றுப்புறம் 40 டிகிரி என்றால் பிவிசிக்கு 0.87 பெருக்க வேண்டும், 45-க்கு 0.79, 50-க்கு 0.71. ஒரே பைப்பில் இரண்டு சர்க்யூட் போனால் 0.80, மூன்று போனால் 0.70, நான்குக்கு 0.65. நம் சோதனை சர்க்யூட்டை 40 டிகிரியில், நான்கு சர்க்யூட் உள்ள பைப்பில் வைத்தால் 32 × 0.87 × 0.65, வெறும் 18.1 ஆம்பியர். 20 ஆம்பியர் எம்சிபி இந்த ஒயரைக் காப்பாற்றாது. 6 ஸ்கொயர் எம்எம் போட்டால் 23.2, சரியாகும். இந்த இரண்டு கட்டங்களையும் ‘மேம்பட்ட அமைப்பு’ என்ற பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கும் ஆப்கள் நிறைய. முதல் பக்கத்திலேயே கேட்காத ஆப்பை வாங்காதீர்கள் என்று தயங்காமல் சொல்லலாம். டிபிக்கு அருகில் எல்லா பைப்பும் ஒன்று கூடும் இரண்டு மீட்டரில்தான் ஒயர்கள் கருகுகின்றன. அந்த இரண்டு மீட்டரைக் கேட்காத கணக்கால் பயன் இல்லை.

அமெரிக்க மின் விதித்தொகுப்பான என்இசி முறையில் வேலை செய்பவர்களுக்கு இதே இடத்தில் வேறு குழி. ஐஇசி சர்க்யூட்களை எண்ணுகிறது, என்இசி கரண்ட் பாயும் கம்பிகளை எண்ணுகிறது. ‘4’ என்று போட்டால் ஐஇசி ஆப் 0.65 எடுக்கும், என்இசி ஆப் 0.80 எடுக்கும். 90 டிகிரி தாங்கும் 12 ஏடபிள்யூஜி (அமெரிக்க ஒயர் அளவு) காப்பர் ஒயருக்கு அட்டவணை மதிப்பு 30 ஆம்பியர். ஒன்பது கம்பிகள் சேர்ந்தால் 0.70 பெருக்கி 21 ஆம்பியர். குறைப்பை 90 டிகிரி வரிசையிலிருந்து தொடங்க என்இசி அனுமதிக்கிறது. ஆனால் கடைசி விடை, ஒயர் இணையும் டெர்மினல் தாங்கும் வெப்பநிலைக்குரிய வரிசையையும், 12 ஏடபிள்யூஜிக்குரிய 20 ஆம்பியர் பிரேக்கர் வரம்பையும் தாண்டக் கூடாது. 60 டிகிரி வரிசையின் 20-இலிருந்தே தொடங்கும் ஆப் 14 ஆம்பியர் என்று சொல்லி வீணாகப் பெரிய ஒயர் வாங்க வைக்கும். டெர்மினலைப் பார்க்காத ஆப் 21 என்று நிறுத்திவிடும். சரியான விடை 20. எந்த ஆண்டுப் பதிப்பு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2017 பதிப்பில் 310.15(பி)(16) என்றிருந்த அட்டவணை 2020-இல் 310.16 ஆனது. பழைய எண்ணை இன்னும் காட்டும் ஆப் அதற்குப் பிறகு புதுப்பிக்கப்படவில்லை என்று தைரியமாக எடுத்துக்கொள்ளலாம்.

பெரும்பாலான மொபைல் ஆப்கள் தடுமாறும் இடம் எர்த் ஃபால்ட் லூப், அதாவது எர்த்துக்குக் கசியும் கரண்ட் சுற்றி வரும் முழுப் பாதை. கேபிள் சைஸ் ஒரு பக்கத்தில், லூப் இம்பீடன்ஸ் (அந்தப் பாதையின் மொத்தத் தடை) வேறு பக்கத்தில், இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சி20 எம்சிபி உடனே ட்ரிப் ஆவது உறுதியாக வேண்டுமென்றால் அதன் மேல்வரம்பான 10 மடங்கு, அதாவது 200 ஆம்பியர் பாய வேண்டும். 230 ÷ 200, லூப் 1.15 ஓமுக்குள் இருக்க வேண்டும். நம் சர்க்யூட்டில் எர்த் கம்பியும் 4 ஸ்கொயர் எம்எம் என்றால் 55 மீட்டருக்குப் போக்குவரவு 0.51 ஓம், சூடானபின் 0.61. மின்வாரியப் பக்கத்தின் வெளிப்புற இம்பீடன்ஸ் 0.35 ஓம் என்றால் மொத்தம் 0.96, தேறிவிடும். அதுவே 0.8 ஓம் என்றால் 1.41, தேறாது. டிராப்புக்காக 6 ஸ்கொயர் எம்எம் ஆக்கியபின்னும் 1.21 வந்து தோற்கிறது! கேபிள் பக்கம் மட்டும் பார்த்தவர் எல்லாம் சரி என்று நினைத்திருப்பார். தீர்வு கேபிளில் இல்லை. லோடின் தொடக்கக் கரண்ட் அனுமதித்தால் பி20 போடலாம், அதற்கு 100 ஆம்பியர் போதும், 2.3 ஓம் வரை தாங்கும். இல்லையென்றால் ஆர்சிடி, அதாவது கசிவுக் கரண்டைக் கண்டு துண்டிக்கும் சாதனம். டிடி எர்த்திங் (கட்டடம் தன் சொந்த எர்த் கம்பியையே நம்பும் முறை) என்றால் ஆர்சிடி இல்லாமல் பேச்சே கிடையாது. சர்க்யூட்டை ஒருமுறை உள்ளிட்டதும் தாங்கும் கரண்ட், டிராப், லூப் மூன்றையும் ஒரே திரையில் தரும் ஆப்தான் மொபைல் வகையில் முதலிடம் பெற வேண்டியது. சிக்னல் இல்லாத அடித்தளத்திலும் வேலை செய்ய வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

எக்செல் ஷீட் பற்றிப் பலருக்கும் இளக்காரம் உண்டு. அது நியாயமில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் என்ன சூத்திரம் இருக்கிறது என்பதைத் திறந்து பார்க்க முடிகிற ஒரே வகை இதுதான். ஐம்பது சர்க்யூட்டை ஒரே பக்கத்தில் வரிசையாக வைத்துப் பார்க்கலாம். பேஸ் பேலன்ஸ் கண்ணுக்குத் தெரியும். ஆனால் இணையத்தில் கிடைக்கும் ஷீட்டை இறக்கியவுடன் முதலில் தேட வேண்டிய பிழை ஒன்று உண்டு. கேபிள் சைஸை வி-லுக்கப் (அட்டவணையில் தேடி எடுக்கும் சூத்திரம்) கொண்டு எடுக்கும் ஷீட்களில் நான்காவது மதிப்பு விடுபட்டிருந்தால், தேடும் எண்ணுக்குச் சமமான அல்லது அதற்குக் கீழே உள்ள வரியை அது எடுக்கும். 30 ஆம்பியர் தேவை, அட்டவணையில் 24, 32, 41 இருக்கிறது என்றால் 24-ஐப் பிடித்து 2.5 ஸ்கொயர் எம்எம் என்று சொல்லும். வேண்டியது 4. எண் சரியாகப் பொருந்தாத ஒவ்வொரு முறையும் ஒரு சைஸ் குறைவாகவே வரும், எச்சரிக்கை எதுவும் வராது. நான்காவது மதிப்பாகச் சரியான பொருத்தம் கேட்டால் 30 அட்டவணையில் இல்லாததால் பிழைக்குறி காட்டும், அதுவும் தீர்வல்ல. எக்ஸ்-லுக்கப்பில் பொருத்த முறையை 1 என்று வைத்தால் அடுத்த பெரிய மதிப்பை எடுக்கும். பழைய எக்செல் என்றால் அட்டவணையை இறங்குவரிசையில் அடுக்கி, மேட்ச் சூத்திரத்தில் கழித்தல் 1 போட வேண்டும்.

எக்செல்லின் சைன், காஸ் சூத்திரங்கள் கோணத்தை ரேடியனில் எதிர்பார்க்கின்றன. பவர் ஃபேக்டரிலிருந்து டிகிரியாக மாற்றிவிட்டு அப்படியே போட்டால் ரியாக்டன்ஸ் பகுதி (ஏசி மின்சாரத்தில் காந்தப்புலத்தால் வரும் தடை) அர்த்தமற்ற எண்ணாகும். 2.5 என்ற சைஸைச் சில மொழி அமைப்புகளில் எக்செல் தேதியாக மாற்றிவிடும் என்பதையும் கவனியுங்கள். சூத்திரக் கட்டங்களைப் பூட்டிவிட்டு, உள்ளிடும் கட்டங்களுக்கு மட்டும் வண்ணம் கொடுங்கள். இல்லையென்றால் அவசரத்தில் யாராவது சூத்திரத்தின்மேல் எண்ணைத் தட்டிவிடுவார்கள், அது அடுத்த வேலைக்கும் தொடரும்.

மூன்றாவது வகை, முழு டிசைன் மென்பொருள். சீமென்ஸின் சிமாரிஸ் டிசைன், ஷ்னைடரின் எக்கோடயல் போன்றவை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கடைசி லோடு வரை ஒற்றைக்கோடு வரைபடமாக வரையச் சொல்லி, ஒவ்வொரு புள்ளியிலும் ஷார்ட் சர்க்யூட் கரண்ட், டிராப், பிரேக்கர்களுக்குள் யார் முதலில் ட்ரிப் ஆவது என்ற வரிசை எல்லாவற்றையும் தருகின்றன. ஒன்றை மாற்றினால் கீழே உள்ள அனைத்தும் மாறும். தனித்தனிப் பக்கங்களாக இருக்கும் ஆப்களால் முடியாத காரியம் இது. பிரேக்கர் பட்டியல் பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தயாரிப்பு என்பது வெளிப்படை. வேறு பிராண்டு பொருத்தப்போகிறவர் ட்ரிப் வரிசை முடிவை அப்படியே எடுத்துச் செல்ல முடியாது, கேபிள் கணக்கை எடுத்துச் செல்லலாம். ஈடாப் என்ற மென்பொருள் இன்னும் பெரியது. லோடு ஃப்ளோ, மோட்டார் ஸ்டார்ட்டிங், ரிலே ஒருங்கிணைப்பு, ஆர்க் ஃப்ளாஷ் வரை போகும். வீடு, சிறு கட்டட வேலைக்கு அது வேண்டியதில்லை.

இந்த வகையில் தப்பு நடப்பது மேல்முனையில். 630 கேவிஏ, 400 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மருக்கு முழு லோடு கரண்ட் 909 ஆம்பியர். பெயர்த்தகட்டில் இம்பீடன்ஸ் 4 சதவீதம் என்றால் டெர்மினலில் ஷார்ட் சர்க்யூட் 22.7 கிலோஆம்பியர். மென்பொருளின் டிஃபால்ட் 6 சதவீதமாக இருந்து அதை மாற்றாமல் விட்டால் 15.2 என்று வரும். 16 கிலோஆம்பியர் பிரேக்கரை அது நிம்மதியாகப் பரிந்துரைக்கும். வேண்டியது 25. பெயர்த்தகட்டைப் படம் எடுத்து வைத்துக்கொண்டுதான் இந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும். பிரேக்கரின் உடைக்கும் திறனுக்கு அதிகபட்ச ஃபால்ட் கரண்ட், ட்ரிப் ஆகிறதா என்று பார்க்கக் குறைந்தபட்ச ஃபால்ட் கரண்ட். இரண்டையும் தனித்தனியே காட்டாத மென்பொருள் பாதி வேலைதான் செய்கிறது. கம்பி ஃபால்ட்டைத் தாங்குமா என்பதற்கான கணக்கில் பிவிசி காப்பருக்கு 115 என்ற மாறிலி வரும். 3,000 ஆம்பியர் 0.1 வினாடி பாய்ந்தால் குறைந்தது 8.25 ஸ்கொயர் எம்எம் வேண்டும், ஆக 10 ஸ்கொயர் எம்எம். 0.1 வினாடிக்கும் குறைவாக வெட்டும் பிரேக்கருக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. தயாரிப்பாளர் தரும் ஆற்றல் வரைபடத்தைத்தான் பார்க்க வேண்டும், டிசைன் மென்பொருள் அதைத் தன் பட்டியலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

மோட்டார் கணக்கில் ஒரே ஒரு கட்டம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எஃபிஷியன்சி. 7.5 கிலோவாட், 400 வோல்ட், பவர் ஃபேக்டர் 0.85, எஃபிஷியன்சி 0.88 என்றால் 14.5 ஆம்பியர். எஃபிஷியன்சி கேட்காத ஆப் 12.7 என்று சொல்லும். மோட்டார் தகட்டில் உள்ள கிலோவாட் தண்டில் கிடைப்பது, கேபிளில் போவது அல்ல. ஓவர்லோடு ரிலேயை 12.7-இல் வைத்தால் முழு லோடில் காரணம் தெரியாமல் ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கும். ஸ்டார்-டெல்டாவில் ரிலே டெல்டாவுக்குள் இருந்தால் 0.58 பெருக்கிய மதிப்பு வேண்டும், பல ஆப்கள் இதைச் சொல்வதே இல்லை. பெரிய மோட்டாரின் ஸ்டார்ட்டிங் டிராப்பில் ரியாக்டன்ஸை விட்டுவிடும் மென்பொருளும் ஏமாற்றும். 95 ஸ்கொயர் எம்எம்மில் சூடான மின்தடை கிலோமீட்டருக்கு 0.23 ஓம், ரியாக்டன்ஸ் சுமார் 0.08. ஸ்டார்ட் ஆகும்போது பவர் ஃபேக்டர் 0.3 அளவில் இருப்பதால் மின்தடைப் பங்கு 0.069, ரியாக்டன்ஸ் பங்கு 0.076. பின்னதை விட்டால் டிராப் பாதிக்கும் குறைவாகத் தெரியும், ஸ்டார்ட் அடித்ததும் கான்டாக்டர் (மோட்டாரை இணைக்கும் மின்காந்த சுவிட்ச்) நடுங்கும்.

கபாசிட்டர் கணக்கை எல்லா ஆப்பும் சரியாகவே போடுகின்றன. 100 கிலோவாட் லோடின் பவர் ஃபேக்டரை 0.75-இலிருந்து 0.95-க்கு ஏற்ற 55 கேவிஏஆர் (கபாசிட்டர் அளவின் அலகு). ஹார்மோனிக்ஸ் (மின்அலையின் வடிவச் சிதைவு) பற்றி எதுவும் கேட்கவில்லை என்றால் அந்த எண்ணோடு நேரே கடைக்குப் போகாதீர்கள்.

பைப் நிரப்பும் கணக்கில், ஸ்கொயர் எம்எம் என்ற சொல்லே வழுக்கும். 2.5 என்பது காப்பரின் பரப்பு. இன்சுலேஷனோடு வெளிவிட்டம் 3.6 மில்லிமீட்டர் என்றால் ஒயர் அடைக்கும் பரப்பு 10.2. உள்விட்டம் 16 மில்லிமீட்டர் உள்ள பைப்பின் பரப்பு 201. இரண்டுக்கு மேற்பட்ட ஒயர்களுக்கு என்இசி தரும் 40 சதவீதத்தை எடுத்தால் 80, ஆக ஏழு ஒயர். நாம் வாங்கிய ஒயரின் வெளிவிட்டத்தைக் கையால் உள்ளிட ஆப் இடம் தருகிறதா என்று பாருங்கள், தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அது மாறும். அதேபோல் பைப்பின் வெளிவிட்டத்தைப் போட்டால் சுவரின் தடிமன் மறைந்துவிடும். மூன்று பெரிய கேபிள் இழுக்கும்போது பைப் உள்விட்டத்தைக் கேபிள் விட்டத்தால் வகுத்து 2.8 முதல் 3.2 வரை வந்தால், வளைவில் மூன்றும் ஒரே வரிசையில் அமர்ந்து இறுகும். நிரப்பு சதவீதம் மட்டும் காட்டும் ஆப்பில் இது தெரியாது, நாமே வகுத்துப் பார்க்க வேண்டும்.

விளக்கு எண்ணிக்கைக்கு டயலக்ஸ் மென்பொருள் இருக்க வேறு தேட வேண்டாம். அடிப்படைப் பதிப்பு இலவசம், பல தயாரிப்பாளர்களின் விளக்குத் தகவல்களும் உள்ளே கிடைக்கின்றன.

வரைபடத்தை ஏற்றிச் சுட்டியால் கோடு இழுத்துக் கேபிள் நீளம் எடுக்கும் அளவீட்டு மென்பொருள்கள் எஸ்டிமேட் வேலையை வேகமாக்குகின்றன, சந்தேகமில்லை. அளவுகோலை வரைபடத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து அமைக்காமல், அளவு தெரிந்த ஒரு கதவு அல்லது தூண் இடைவெளியைத் தொட்டு அமையுங்கள், பிடிஎஃப் ஆக்கும்போது தாள் சுருங்கியிருக்கலாம். பிளானில் இழுத்த கோட்டில் செங்குத்து இறக்கம் சேராது. கூரை 3 மீட்டர், சுவிட்ச் 1.3 மீட்டர் உயரம் என்றால் ஒவ்வொரு சுவிட்ச் பெட்டிக்கும் 1.7 மீட்டர் விடுபடுகிறது, அறுபது பெட்டியில் பைப் மட்டும் 102 மீட்டர், ஒயர் அதன் மடங்கு. உயரத்தை ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒருமுறை சொல்லிவிட்டால் தானே கூட்டிக்கொள்ளும் வசதி உள்ளதைத் தேர்ந்தெடுங்கள், அந்த நீளத்தையே வோல்டேஜ் டிராப் பக்கத்துக்கும் கொடுங்கள்.